மறுமையை அடுப்படியிலிருந்து தொடங்குங்கள்

கற்பனை உலகங்களைப் படைத்து எழுதும் இளம் எழுத்தாளர்களுக்கும், அவர்களுக்குப் பட்டறை நடத்தும் ஆசிரியர்களுக்கும், போட்டிக் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

இடுக்கி மாவட்டம் மறையூரிலிருந்து இதை எழுதுகிறேன். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு காட்டுவழியே மலையேறினால் கேரளத்துக்குள் எதிர்ப்படும் ஊர் எங்களுடையது. சந்தனக் காட்டுக்கும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லத்துக்கும் பெயர்போன ஊர். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும். இங்கே நாங்கள் சிலர் கூடி நடத்தும் வாசிப்பு வட்டத்தில் உங்கள் மாயக் கதைகளை விடாமல் படிக்கிறோம். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

அண்மையில் எங்கள் வட்டத்துக் கல்லூரி மாணவி ஒருவர் ஒரு பட்டறைக்குப் போய்வந்தார். அங்கே கொடுத்த படிவத்தைக் காட்டினார். புதிய மதம் ஒன்றைப் படைப்பதற்கான படிவம் அது. கடவுளர் எத்தனை பேர், அவர்களின் சின்னம் என்ன, கோயில் எந்த வடிவில் இருக்கும் என்று வரிசையாகக் கட்டங்கள். மறுமைக்கும் ஒரு கட்டம் இருந்தது. சொர்க்கம், நரகம், மறுபிறவி, எதுவுமில்லை என நான்கு சொற்கள்; பொருத்தமானதற்கு நேராகக் குறியிட வேண்டும். அதற்குக் கீழே மறு உலகின் வரைபடம் வரைய முழுப் பக்கம் விட்டிருந்தார்கள்.

நாங்கள் படித்த கதைகளில் ஏன் ஒரே மறு உலகம் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அந்தப் படிவத்தைப் பார்த்ததும் விளங்கியது. ஒரு கறுப்பு ஆறு, ஒரு படகோட்டி, ஏழு அடுக்கு, அடுக்குக்கு ஒரு காவலன், கடைசியில் கணக்கு ஏட்டோடு ஒரு நீதிபதி. பெயர்களை மாற்றினால் போதும், ஒரு கதையின் நரகத்தைக் கழற்றி இன்னொரு கதையில் மாட்டிவிடலாம். அதைவிட வருத்தம், அந்த மதத்தை அந்தக் கதைக்குள்ளேயே யாரும் நம்புவதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் நாயகியின் தாய் சாகிறாள். மூன்றாம் அத்தியாயத்தில் நாயகி வாளெடுத்துப் புறப்பட்டுவிடுகிறாள். உடலை யார் குளிப்பாட்டினார்கள்? அன்றிரவு அந்த வீட்டில் யார் சாப்பிட்டார்கள்? தாயின் புடவை யாரிடம் போயிற்று? நரகத்தின் அடுக்குகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த எழுத்தாளர் இதற்கு ஒரு வரி கொடுக்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மறு உலகத்தை இறந்தவரின் பக்கத்திலிருந்து கட்டாதீர்கள். இருப்பவரின் பக்கத்திலிருந்து கட்டுங்கள். செத்தவர் எங்கே போனார் என்பதை எவரும் பார்த்ததில்லை. அவருக்காக இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத் தெருவே பார்க்கிறது. அந்தச் செயலுக்கு அவர்கள் எவ்வளவு அரிசி, எவ்வளவு நேரம், எவ்வளவு நிலம் கொடுக்கிறார்கள் என்பதை வைத்தே வாசகர் உங்கள் மதத்தை நம்புவார்.

நம் ஊர்ச் சாவு வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். உடல் எடுக்கும்வரை அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ சோறு வரும். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. வாய்க்கரிசி போட வரிசை. சுடுகாட்டில் கொள்ளி வைப்பவர் தோளில் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து உடலைச் சுற்றி வருவார். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருபவர் குடத்தில் ஒரு துளையிடுவார். முதல் துளையில் தண்ணீர் பீச்சிக்கொண்டு வரும், மூன்றாவதில் முதுகெல்லாம் நனைந்திருக்கும். சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

அங்கே யாரும் மறுமையைப் பற்றி உரையாற்றுவதில்லை. யமலோகத்து வழியில் ஓடும் வைதரணி ஆற்றின் அகலம் எவ்வளவு என்று குடம் உடைத்த மகனுக்குத் தெரியாது. ஆனால் ‘திரும்பிப் பார்க்காதே’ என்று ஒரு பெரியவர் அவன் தோளைப் பிடித்துத் தள்ளும்போது, கூட்டத்தில் நிற்கும் சிறுவனுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. பின்னால் யாரோ நிற்கிறார். பார்த்தால் அவரால் போக முடியாது. இவ்வளவு பெரிய நம்பிக்கை ஒரு கழுத்தசைவைத் தடுப்பதில் அடங்கியிருக்கிறது. உங்கள் கதையில் எனக்கு வேண்டியது இப்படி ஒரு விதி.

இன்னொன்று சொல்கிறேன். எங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் கர்க்கடக வாவு, அந்தப் பக்கம் ஆடி அமாவாசை; இரண்டும் ஒரே நாள். திருநெல்லியிலும் வர்க்கலையிலும் முன்னோருக்குப் பலிச்சோறு படைக்கிறவர்கள் இலையில் சோற்றுருண்டையை வைத்துவிட்டு, ஈரக் கையைத் தட்டிக் காக்கையை அழைப்பார்கள். பிறகு காத்திருப்பார்கள். காகம் வந்து கொத்திவிட்டால் முகங்கள் தெளியும். வராமல் கிளையிலேயே உட்கார்ந்திருந்தால் கலக்கம் தொடங்கும். என்ன குறை வைத்தோம், யாரோடு மனத்தாங்கல் தீரவில்லை, சொன்ன சொல்லை யார் காப்பாற்றவில்லை என்று ஆளாளுக்கு உள்ளுக்குள் தேடுவார்கள். ஒரு பறவை, ஒரு கைப்பிடிச் சோறு, கொஞ்ச நேரம். இந்தக் காத்திருப்பில் ஒரு குடும்பத்தின் பழைய சண்டை முழுவதையும் எழுதிவிடலாம். ஏழு அடுக்கு நரகத்தில் அதற்கு இடமில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அழகு என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமையான சுமேரியக் கதை ஒன்றில், கீழுலகம் போய்வந்த தன் ஊழியன் என்கிடுவிடம் மன்னன் கில்காமேஷ் விசாரிக்கிறான். ஒரு மகனைப் பெற்றவன் எப்படி இருக்கிறான்? அழுதுகொண்டிருக்கிறான். ஏழு மகன்களைப் பெற்றவன்? சிறு தெய்வங்களோடு சரியாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். படையல் போட ஆளில்லாதவன்? பானையில் ஒட்டியதையும் தெருவில் எறிந்த துணுக்குகளையும் தின்கிறான். இங்கே பாவ புண்ணியக் கணக்கு பேசப்படவில்லை. மேலே, மண்ணின் மீது, உனக்காகத் தண்ணீர் ஊற்ற எத்தனை கைகள் இருக்கின்றன என்பதே கேள்வி. பிள்ளையில்லாத ஒருவர் அந்த ஊரில் எப்படித் தூங்கியிருப்பார் என்று யோசித்தாலே ஒரு நாவல் தொடங்கிவிடும்.

எகிப்தின் தராசை நீங்கள் எல்லோரும் எடுத்து ஆள்கிறீர்கள்: ஒரு தட்டில் இறந்தவரின் இதயம், மறு தட்டில் உண்மையின் தெய்வமான மாஅத்தின் இறகு, தோற்றால் விழுங்கக் காத்திருக்கும் அம்மித் என்ற கொடிய விலங்கு. அதே எகிப்தியர் செய்த இன்னொன்றை மட்டும் யாரும் தொடுவதில்லை. உடலைப் பதப்படுத்தும்போது மார்பின் மேல் கல்லில் செதுக்கிய வண்டு ஒன்றை வைப்பார்கள். எனக்கெதிராகச் சாட்சி சொல்லாதே என்று தன் சொந்த இதயத்தைக் கெஞ்சும் மந்திரம் அதில் பொறித்திருக்கும். தராசு பயமுறுத்துகிறது, வண்டு மனிதனைக் காட்டுகிறது. அதைச் செதுக்கியவர் ஒருவர் இருந்தார், அந்த வண்டைக் கணவனுக்காக விலை கொடுத்து வாங்கிய மனைவி ஒருத்தி இருந்தாள், அந்த மனிதனின் இதயத்துக்கு என்ன தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கலாம்.

எங்கள் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கோவில்கடவுப் பக்கத்துப் பாறைமேடுகளில் முனியறைகள் நிற்கின்றன. பலகை பலகையாகப் பெயர்த்த கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்டிருப்பார்கள். குனிந்து, கையை ஊன்றித்தான் உள்ளே போக முடியும். முனிவர்கள் தவமிருந்த அறை என்பது ஊர் வழக்கு. பெருங்கற்கால ஈமச்சின்னம் என்பது தொல்லியலார் முடிவு. கட்டியவர்களின் கடவுள் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. அவர்களின் சொர்க்கமும் நரகமும் முழுதாக அழிந்துவிட்டன. மிஞ்சியது உழைப்பு மட்டும். அந்த மூடுகல்லைத் தூக்கி ஏற்றியவர்கள் அன்று வேட்டைக்கோ வயலுக்கோ போயிருக்க மாட்டார்கள். தென்னிந்தியாவின் இத்தகைய கல்லறைகள் பலவற்றில் ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை வெட்டியிருப்பார்கள். கருங்கல்லில் அப்படியொரு துளை போட எவ்வளவு பொறுமை வேண்டும்! உள்ளே இருப்பவர் வெளியே வரவா, வெளியே இருப்பவர் எதையாவது உள்ளே கொடுக்கவா? அந்தத் துளையின் முன்னால் நின்றால், வரைபடம் எதுவும் இல்லாமலே அந்த மதம் உயிரோடு எதிரில் நிற்கிறது.

எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ் பிராமி எழுத்துடன் நடுகற்கள் கிடைத்தன. ஒன்றில் இறந்தவனின் பெயர், ஊர், ஆகோள் பூசல் எனும் மாடுபிடிச் சண்டை ஆகியவை மட்டும் இருக்கின்றன. அவன் எந்த உலகம் போனான் என்று ஒரு சொல் இல்லை. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் துறைகளும் அப்படியே: கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, பெரும்படையல் இடுவது, வாழ்த்துவது. எல்லாமே இருப்பவர்களின் கைவேலை. நம் மரபு இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்கும்போது, நீங்கள் ஏன் முதல் பக்கத்திலேயே மேகத்துக்கு மேல் ஏறிவிடுகிறீர்கள்?

மறு உலகத்துக்கு ஒரு கால எல்லையும் வையுங்கள். நம் திதியில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறைக்கே பெயர் சொல்லிப் பிண்டம். நான்காவது ஆள் பெயரிழந்து முன்னோர் கூட்டத்தில் கலந்துவிடுகிறார். ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து, அதன் கைக்குத் திதி வந்து சேரும் நாளில், மேலே ஒருவருக்குப் பெயர் போகிறது. நான் படித்த கதைகளில் மறு உலகங்கள் அனைத்தும் என்றென்றைக்கும் உரியவை. அதனாலேயே அங்கே எதுவும் நடப்பதில்லை. கடைசியாகப் பெயர் சொல்லப்படும் ஆண்டு என்று ஒன்றை வைத்துப் பாருங்கள். அந்த வீட்டுக் கிழவி என்ன செய்வாள்? தன் பாட்டனின் பெயரைக் காப்பாற்ற அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைக்கச் சொல்லி மருமகளோடு போராடுவாளா?

இனி, விதிக்குள் அடங்காதவர்கள். ஒரு மதத்தின் உண்மையான முகம் அங்கேதான் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக நம்மவர்கள் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். நிமிர்ந்த இரண்டு கல், குறுக்கே ஒரு கல், ஆள் தலை உயரம். விறகுக்கட்டோடும் நெல்மூட்டையோடும் நடந்து வருபவர் குனியாமல், யார் துணையும் இல்லாமல், சுமையை அதன் மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, முகம் தெரியாத வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை இறக்கும்போது ஆறுதல் கிடைக்கும் என்பது நம்பிக்கை. இதைவிட ஆழமான மறுமையை எந்த மாயக் கதையிலும் நான் படித்ததில்லை. அதில் தேவதை இல்லை, வாசல் இல்லை. கழுத்து வலிக்கும் ஒரு கூலியாளும் ஒரு கல்லும்தான். கட்டியவர்களுக்குச் செலவு, நடப்பவர்களுக்குப் பயன், இறந்தவளுக்கு விடுதலை. மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்துவிட்டன.

உடலே கிடைக்காதவர்களை நினையுங்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. எங்கள் ஊரிலிருந்து மூணாறு போகும் வழியில் ராஜமலை. அதற்கு உள்ளே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. 70 பேர் போனார்கள், தமிழ்க் குடும்பங்கள். எவ்வளவோ தேடியும் சிலரின் உடல் அகப்படவில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைச் சரிவுக்குப் பிறகு, அடையாளம் தெரியாத உடல்களையும் உடல் பகுதிகளையும் புத்துமலையில் எண்ணிட்ட கற்களின் கீழ் அடக்கம் செய்தார்கள். எந்த மதத்தவர் என்று தெரியாததால் எல்லா மதத்து வேண்டுதலும் அந்தக் குழிகளின் மேல் சொல்லப்பட்டன. உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்கும் விதி நம் சடங்குகளில் உண்டு. யாரோ ஒருவர், எந்தக் காலத்திலோ, திரும்பி வராத ஒரு மகனுக்காக அழுத தாயின் முன்னால் நின்று அந்த விதியைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். உங்கள் மதத்தைப் படைக்கும்போது நீங்களும் அந்தத் தாயின் முன்னால் நிற்க வேண்டும். உங்கள் பூசாரி அவளுக்கு என்ன பதில் சொல்வார்?

சொன்னதை நானே செய்து காட்ட வேண்டும் அல்லவா? ஒரு மலைநாட்டை எடுத்துக்கொள்கிறேன். அந்த மக்களுக்கு ஒரே விதி: சாகும்போது ஒருவர் பாதியில் விட்ட வேலையை ஓராண்டுக்கு யாரும் தொடக்கூடாது, அதை முடிக்க அவரே இரவில் வருவார், ஆண்டு முடிவில் அந்த வீட்டின் கடைக்குட்டி மிச்சத்தை முடித்தால் அவருக்கு விடுதலை. இவ்வளவுதான். இப்போது பாருங்கள். பாய் முடைபவள் இறந்தால் பாதிப் பாய் திண்ணையில் கிடக்கிறது, கோரை காய்ந்து சுருள்கிறது. உழவன் பாதி வயலை உழுதுவிட்டுச் செத்தால் மறு பாதி தரிசு. மழை வந்து போகிறது, வரி வசூலிக்க வருபவன் முழு வயலுக்கும் கணக்கெழுதுகிறான். பாதி அடைத்த கடனும் பாதி வேலைதான் என்று ஊர்ப் பஞ்சாயத்து தீர்ப்புச் சொன்னதால், கடன் கொடுத்தவன் நோயாளியின் வாசலில் மருந்தோடு நிற்கிறான். வசதியுள்ள கிழவர்கள் சாகும் தறுவாயில் பத்து வேலையைத் தொடங்கிவைக்கிறார்கள். ஊருக்கே பாதி தோண்டிய கிணறுகள். ஏழைக்கு ஓராண்டு தாங்காது. வீட்டுச் சுவரைப் பாதியில் விட்டுப் புருஷன் செத்துப்போனான், மழைக்காலம் வருகிறது, பிள்ளைகள் நனைகிறார்கள். மனைவி நள்ளிரவில் எழுந்து, விளக்கில்லாமல், தடவித் தடவி ஒரு வரிசைக் கல்லை வைக்கிறாள். காலையில் ஊரே வந்து அந்தச் சுவரை விழுந்து கும்பிடுகிறது: வந்துவிட்டார்! அவளால் வாயைத் திறக்க முடியாது. மாமியார் அந்தக் கல்லைத் தொட்டு அழும்போது அவள் நகக்கண்ணில் இன்னும் மண் இருக்கிறது.

பிறந்து மூச்சுவிட்டு மறுநாளே போன குழந்தை எந்த வேலையையும் தொடங்கவில்லையே, அதற்கு என்ன? அந்த நாட்டுத் தாய், குழந்தையின் விரல்களுக்குள் ஊசியைப் பிடித்து, ஒரு துணியில் ஒரே ஒரு தையல் போடவைத்து எடுத்து வைத்துக்கொள்வாள். அதற்கும் ஓர் ஆண்டு, அதற்கும் ஓர் இரவு வருகை.

இந்த மதத்துக்கு நான் சொர்க்கம் எழுதவில்லை. கடவுளுக்குப் பெயரும் வைக்கவில்லை. ஆனால் சுவர் வைத்தவளின் கதையை இன்னும் நூறு பக்கம் என்னால் எழுத முடியும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மலைக்குடிகளின் சடங்கையும் வட கேரளத்துத் தெய்வ ஆட்டமான தெய்யத்தின் முகத்தையும் அப்படியே பெயர்த்து, பெயரை மட்டும் மாற்றி, உங்கள் கதையின் கொடியவர்களுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். வேண்டாம். அந்தச் சடங்கில் தங்கள் தாத்தாவை வழியனுப்பியவர்கள் இங்கே எங்களோடு ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். அவர்களின் துக்கத்தை எடுத்து உங்கள் அரக்கனுக்கு அணிவிக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஒரு சடங்கு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் சொந்த விதியைக் கட்டுங்கள்.

பட்டறை ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. அந்த நான்கு சொற்கள் கொண்ட கட்டத்தையும் வரைபடப் பக்கத்தையும் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், ஒரு சாவு வீட்டின் முதல் மூன்று நாளை எழுதச் சொல்லுங்கள். யார் முதலில் அடுப்பு மூட்டுகிறார், யார் எதைத் தொடக்கூடாது, இறந்தவரின் செருப்பு எங்கே போகிறது, யாரை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள், யார் விதியை மீறுகிறார். மூன்று நாளும் முடியும்வரை கடவுளின் பெயரோ மறு உலகத்தின் பெயரோ வரக்கூடாது என்று நிபந்தனை போடுங்கள். மாணவர்கள் முதலில் திணறுவார்கள். பிறகு நிறுத்தமாட்டார்கள்.

நடுவர்களுக்கு ஒன்று. எங்கள் வட்டத்து மாணவி அந்தப் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தன் கதையைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார். அவருடைய நாட்டில் இறந்தவரின் பங்கு உப்பை நாற்பது நாள் உலையில் போடக்கூடாது; வீட்டில் எல்லோரும் சப்பென்ற சோற்றைத் தின்கிறார்கள், ஒரு சிறுவன் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போய் உப்பு நக்கிவிட்டு வந்து குற்றவுணர்வில் புழுங்குகிறான். அடுத்த போட்டிக்கு அதை அனுப்பப் போகிறார். மறு உலகத்தின் வரைபடம் இணைக்கவில்லை என்பதற்காகத் தள்ளிவிடாமல், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

அன்புடன்,
மறையூர் வாசகர் ஒருவர்